வாய்க்கால் வழியே வரும் ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலச் சொற்களை வேர் பிடித்துப் படியுங்கள் என்றால், பலர் முன்னொட்டு, பின்னொட்டுப் பட்டியலைப் பாடமாக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பரீட்சை முடிய அது மறந்துபோகும். வன்னிப் பிள்ளைகளுக்குக் குளமும் வாய்க்காலும் இருக்கப் பட்டியல் எதற்கு?

போட்டியாளரைக் குறிக்கும் ‘ரைவல்’ என்ற சொல்லை எடுங்கள். லத்தீனில் ‘ரீவுஸ்’ என்றால் ஓடை. ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கும் மற்ற ஆள்தான் ‘ரீவாலிஸ்’. சிறுபோகத்தில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சும் கமக்காரருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ‘எனிமி’க்கும் இதற்கும் உள்ள வித்தியாசமும் இங்கேயே தெரிந்துவிடும். எனிமிக்கு வெறும் பகை போதும். ரைவலுக்கோ இருவரும் குறிவைக்கும் ஒரு பொருள் வேண்டும்: ஒரு பதவி, ஒரு வெற்றிக்கிண்ணம், ஒரு சந்தை. ‘ரைவல்ஸ் ஃபோர் த போஸ்ட்’ என்பதில் ‘ஃபோர்’ வருவது அந்தப் பொருளைக் காட்டத்தான்.

‘டெரைவ்’ அதே ஓடையில் பிறந்தது. ஓடையிலிருந்து நீரைப் பிரித்தெடுப்பதுதான் அதன் மூலப்பொருள். அதனால் ‘நெல்லிலிருந்து வருமானம் பெறுகிறார்’ என்று எழுத ‘டெரைவ்ஸ் அன் இன்கம் ஃப்ரொம் பாடி’ என்றுதான் வரும். அந்த இடத்தில் ‘பை’ போட்டால் பிழை.

குளத்து நீரைத் திறந்து மூடும் துருசுக்கு (மதகுக்கு) ஆங்கிலத்தில் ‘ஸ்லூஸ்’. நீரை வெளியே நிறுத்தி அடைப்பது என்ற பொருளில் லத்தீன் ‘எக்ஸ்க்ளூசா’ பிரெஞ்சு வழியாக வந்து இப்படிச் சுருங்கியது. உள்ளே இருப்பது ‘மூடு’ என்னும் பொருளுள்ள லத்தீன் வேர். வெளியே விட்டு மூடினால் எக்ஸ்க்ளூட், உள்ளே வைத்து மூடினால் இன்க்ளூட், முழுதாக மூடி முடித்தால் கன்க்ளூட். இதில் அடிக்கடி காணும் பிழை ‘இன்க்ளூட்ஸ் ஒஃப்’. ‘கன்சிஸ்ட்ஸ் ஒஃப்’ பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட ‘ஒஃப்’ அது, வெட்டிவிடுங்கள்.

எழுத்து ஒத்துப்போனதும் உறவு கொண்டாடக்கூடாது. ‘ரிவர்’ ரைவலின் சொந்தம்போல் தெரியும். ஆனால் அது கரையைக் குறிக்கும் ‘ரீப்பா’விலிருந்து வந்தது. கரை சேர்வது என்ற பொருளில் பிறந்த ‘அரைவ்’தான் அதற்குச் சொந்தம். முன்னொட்டுகளும் ஏமாற்றும். எரிபொருள் பவுசரில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று இருந்தால் தீப்பற்றாது என்று நினைத்துப் பக்கத்தில் பீடி பற்றவைக்காதீர்கள். அந்த ‘இன்’ மறுப்பல்ல. ‘ஃப்ளேமபிள்’ என்றாலும் தீப்பற்றும் என்றே பொருள். ஆகவே, சொற்பிறப்பு போட்ட அகராதியில் பார்க்காமல் ஒரு வேரையும் கொப்பியில் ஏற்ற வேண்டாம்.

கொப்பியில் ஒரு வேருக்கு ஒரு பக்கம் போதும். மேலே வேரும் பொருளும், கீழே மூன்று சொற்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பத்திரிகையிலோ பாடநூலிலோ கண்ட வசனம் ஒன்றை முழுதாக எழுதி, பின்னால் வரும் ‘ஃப்ரொம்’, ‘ஃபோர்’ போன்றவற்றுக்குக் கோடிடுங்கள். அடுத்த நாள் சொல்லை மறைத்து, வசனத்தை வைத்து அதைக் கண்டுபிடியுங்கள். வேரை மட்டும் எழுதிவைப்பவருக்குச் சொல் தெரியும், வசனம் வராது.

இன்னொன்று: இலங்கை ஆங்கிலத்தில் ‘டாங்க்’ என்றால் குளம். வெளிநாட்டு வாசகருக்கு அது கூரைமேல் தண்ணீர்த் தாங்கி, இல்லாவிட்டால் போர் வாகனம். ‘அனிக்கட்’ நம் அணைக்கட்டிலிருந்து போன சொல்தான், ஆனாலும் அங்கே பலருக்குப் புரியாது. வெளியே அனுப்பும் கடிதத்தில் முதலாவதற்கு ‘ரிசர்வொயர்’, இரண்டாவதற்கு ‘வியர்’ என்று எழுதுங்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு எழுதும்போது டாங்க், அனிக்கட் என்றே இருக்கட்டும்.