டிபிஎஃப் அடைத்துக்கொண்டதா? கோளாறை அதற்கு முன்னால் தேடுங்கள்

பிஎஸ்6 புகை விதிப்படி வந்த டீசல் கார் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரின் விளக்கு எரிந்தது, பிக்கப் போனது, சர்வீஸ் சென்டரில் ஃபில்டரையே மாற்றச் சொன்னார்கள், பெரிய தொகை செலவானது, சில மாதத்தில் அதே விளக்கு மறுபடி எரிகிறது. இப்படித் திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஃபில்டர் அடைத்தது விளைவு மட்டுமே. அடைக்க வைத்த கோளாறு எஞ்சினிலோ, புகையைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வால்விலோ, ஒரு சின்ன ரப்பர் குழாயிலோ அப்படியே இருக்கிறது.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்6 வந்தபோது டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடலாம் என்றிருந்த கரித்துகள் 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமாகக் குறைந்தது. நைட்ரஜன் ஆக்சைடு 250 மில்லிகிராமிலிருந்து 80 மில்லிகிராமாக இறங்கியது. டிபிஎஃப் இல்லாமல் முதல் அளவைத் தொடவே முடியாது. இந்தச் செலவைக் கணக்குப் போட்டுத்தான் மாருதி அந்த ஆண்டு டீசலையே நிறுத்தியது. 2023 ஏப்ரலில் சாலையில் ஓட்டிப் பார்த்து அளக்கும் சோதனையும் சேர்ந்தது. அதன்பின் டீசல் டேங்க் மூடிக்குப் பக்கத்தில், யூரியாக் கரைசல் ஊற்ற நீல மூடி உள்ள கார்கள் கூடின.

டிபிஎஃப் என்பது பீங்கான் போன்ற பொருளில் செய்த தேன்கூடு. அடுத்தடுத்த துளைகள் மாறிமாறி முன்பக்கமும் பின்பக்கமும் அடைக்கப்பட்டிருக்கும். அதனால் புகை பக்கத்துச் சுவர் வழியாக ஊடுருவித்தான் வெளியேற முடியும், கரி சுவரிலேயே தங்கிவிடும். தங்கிய கரியை எரிப்பதைத்தான் ரீஜென் என்கிறோம். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது சைலன்சர் சூடாகி, முன்னால் இருக்கும் கேட்டலிஸ்ட் (வேதிவினையைத் தூண்டும் பூச்சுள்ள பகுதி) உருவாக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடின் உதவியால் 250 முதல் 400 டிகிரியிலேயே கரி கொஞ்சம் கொஞ்சமாக எரியும். அது போதாதபோது எஞ்சின் கம்ப்யூட்டர் தானே ரீஜெனைத் தொடங்கும். பவர் ஸ்ட்ரோக்கின் பிற்பகுதியில் பிஸ்டன் இறங்கிக்கொண்டிருக்கும்போது இன்னும் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சும். அந்த டீசல் சிலிண்டரில் எரியாமல் கேட்டலிஸ்ட் வரை போய் அங்கே எரிந்து, ஃபில்டரை 600 டிகிரிக்கு மேல் கொண்டுபோகும்.

இதற்குச் சுமார் 10 முதல் 20 நிமிடம் ஆகும். நடுவில் எஞ்சினை அணைத்தால் வேலை பாதியில் நிற்கும். ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அலுவலகத்துக்குப் போய்வரும் காரில் ஒவ்வொரு முறையும் இதுதான் நடக்கிறது. ரீஜென் ஓடுவதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. ஐடில் ஆர்பிஎம் வழக்கத்தைவிட நூறு, இருநூறு கூடும். உடனடி மைலேஜ் சட்டென்று விழும். ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது. வண்டியை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் ஃபேன் பெரிய சத்தத்தோடு சுற்றும். இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் அணைக்காமல், மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல், 2000 ஆர்பிஎம்மை ஒட்டி, ஒரு கியர் குறைவாக வைத்து கால்மணி நேரம் ஓட்டுவது நல்லது.

ஆனால் ரீஜெனே தொடங்காத கார்களும் உண்டு. அங்கே நெடுஞ்சாலையில் எவ்வளவு ஓட்டினாலும் பலன் இல்லை. டீசல் ரிசர்வுக்கு அருகில் இருந்தால் பல கார்கள் ரீஜெனைத் தொடங்காது. இஜிஆர், டர்போ, இன்ஜெக்டர், சைலன்சர் வெப்பநிலை சென்சார் ஆகியவற்றில் ஏதாவது ஒரு ஃபால்ட் கோடு நிலுவையில் இருந்தாலும் தொடங்காது. சில கார்களில், ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கின் கோடு ஒன்றே தடுக்கப் போதும்.

எல்லாரும் கோட்டைவிடும் இடம், ரேடியேட்டருக்குக் கூலன்ட் போவதைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட். அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் கூலன்ட் வெப்பம் 90 டிகிரியை எட்டாமல் 65, 70க்குள் நின்றுவிடும். நம் ஊர் வெயிலில் டாஷ்போர்டு முள் வித்தியாசம் காட்டாது, ஓட்டுபவருக்கும் எதுவும் தெரியாது. எஞ்சின் சூடாகவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் ரீஜெனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும். தெர்மோஸ்டாட்டின் விலை டிபிஎஃப் விலையில் மிகச் சிறிய பங்கு. ஸ்கேனரில் நேரடி கூலன்ட் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே இருபது நிமிடம் ஓட்டினால் உண்மை தெரிந்துவிடும்.

அடுத்து, வழக்கத்தைவிட அதிகமாகக் கரியை உற்பத்தி செய்யும் கோளாறுகள். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸில் கீறல் விழுந்தால் காற்று வெளியேறும், கலவையில் டீசல் மிஞ்சும், புகை கறுக்கும். பழைய காராக இருந்தால் பின்னால் வருபவருக்கே அந்தப் புகை தெரியும். இப்போது டிபிஎஃப் அதை விழுங்கிவிடுவதால் வெளியே எதுவும் தெரியாது. ரீஜென் இடைவெளி மட்டும் 500 கிலோமீட்டரிலிருந்து 150க்குச் சுருங்கும். ஹோஸின் கிளாம்ப் அருகே எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். இன்ஜெக்டர் ஒன்று ஒழுகினாலும் இதே கதைதான். லீக்-ஆஃப் சோதனையில் நான்கு குழாய்களிலும் ரிட்டர்ன் டீசலைப் பிடித்து ஒப்பிட்டால், இரண்டு மடங்கு காட்டுவது சந்தேகத்துக்குரியது.

இஜிஆர் தனிக் கதை. எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விட்டால் எரிவெப்பம் குறையும், நைட்ரஜன் ஆக்சைடும் குறையும். அதே புகையில் உள்ள கரி, எஞ்சின் பிரீதரிலிருந்து வரும் எண்ணெய் ஆவியோடு கலந்து, தார் போல இன்டேக் மேனிஃபோல்டில் ஒட்டிக்கொள்ளும். வால்வு மூட முடியாமல் சிக்கினால் எஞ்சினுக்கு ஆக்சிஜன் குறைந்து கரி பெருகும், அது நேராக டிபிஎஃப்பில் போய்ச் சேரும். மூடியபடி சிக்கினால், இஜிஆர் ஓட்டம் போதவில்லை என்று சொல்லும் பி0401 கோடு வரும். வால்வைக் கழற்றிக் கார்பன் கிளீனரில் ஊறவைத்து பிளாஸ்டிக் சுரண்டியால் எடுக்கலாம். புது கேஸ்கெட் போட வேண்டும். மாட்டியதும் ஸ்கேனரில் வால்வின் மூடும் நிலையைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைச் செய்யாமல் விடுவதால்தான் "கிளீன் பண்ணியும் சரியாகவில்லை" என்று பலர் சொல்கிறார்கள்.

இஜிஆர் கூலரை யாரும் கவனிப்பதில்லை, கவனித்தாக வேண்டும். 2018இல் தென் கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. கூலரிலிருந்து கசிந்த கூலன்ட், எண்ணெயோடும் கரியோடும் சேர்ந்து படிந்து, சூடான புகை பட்டதும் பற்றிக்கொண்டது. பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டும் சேர்ந்து எரிந்தது. முதல் அழைப்பிலேயே அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்பப் பெறப்பட்டன. வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் கூலன்ட் அளவு மாதாமாதம் இறங்கினால், தண்ணீர் ஊற்றிச் சமாளிக்காமல் இந்தக் கூலரை பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

இனி சென்சார். டிபிஎஃப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தம் எவ்வளவு வேறுபடுகிறது என்று அளக்க, இரண்டு மெல்லிய குழாய்கள் ஒரு டிஃபரன்ஷியல் பிரஷர் சென்சாருக்குப் போகும். குழாயில் வெடிப்பு விழலாம், கரியும் தண்ணீரும் சேர்ந்து அடைக்கலாம். முன்குழாயில் ஓட்டை விழுந்தால் அளவு குறைவாகத் தெரியும், ஃபில்டர் காலியாக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நம்பிவிடும், உள்ளே கரி குவியும். சோதிப்பது சுலபம். சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனரில் பார்த்தால் அளவு பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் சென்சார் அளவையே நம்ப முடியாது. நல்ல ஃபில்டரில், சூடான எஞ்சின் ஐடிலில் ஓடும்போது 10 மில்லிபாரைத் தாண்டாது. இந்த இரண்டு எண்ணையும் எழுதித் தராத ஒர்க்‌ஷாப்பில் டிபிஎஃப் மாற்ற ஒப்புக்கொள்ள வேண்டாம்.

ஸ்கேனரில் கரி எத்தனை கிராம் என்றும் காட்டும். எண்கள் காருக்குக் கார் மாறும். பல எஞ்சின்களில் இருபது கிராம் அளவில் தானே ரீஜென் தொடங்கும், நாற்பதைத் தாண்டினால் ஸ்கேனர் வழியே கட்டாய ரீஜெனும் செய்யக் கூடாது. அவ்வளவு கரி ஒன்றாகப் பற்றினால் வெப்பம் கட்டுமீறி, பீங்கான் விரிசல் விடும் அல்லது உருகும். அந்த நிலையில் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

"ஹைவேயில் ஒரு ஓட்டு ஓட்டினால் சரியாகிவிடும்" என்ற அறிவுரையும் எல்லாக் காருக்கும் பொருந்தாது. ஆஸ்திரேலியாவில் 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற டொயோட்டா ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகள் சுமார் 2,64,000. அவற்றின் டிபிஎஃப் அமைப்பில் வடிவமைப்புக் குறை இருக்கிறது என்று 2022இல் அந்நாட்டு ஃபெடரல் கோர்ட் தீர்ப்பளித்தது. தொடர்ந்து மணிக்கு 100 கிலோமீட்டர் அளவில் ஓட்டினால்தான் அங்கே சிக்கலே வந்தது. ஓட்டும் விதத்தை மட்டும் குறை சொல்லி வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவது நியாயமில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆயிலில் இரண்டு விஷயம். ஒன்று, ரீஜெனுக்காகப் பீய்ச்சிய டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் பட்டு ஆயில் சம்ப்புக்குள் இறங்கும். பெட்ரோல் போல டீசல் எளிதில் ஆவியாகாது, அங்கேயே தங்கிவிடும். மாதம் இருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள். டீசல் காரில் ஆயில் குறைவதைப் போலவே கூடுவதும் ஆபத்து. மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், சர்வீஸ் தேதி வரவில்லை என்று காத்திருக்காமல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். நீர்த்த ஆயிலில் பேரிங்கும் டர்போவும் தேயும். நகருக்குள்ளேயே ஓடும் காருக்கு, கம்பெனி சொன்ன இடைவெளியில் பாதியில் மாற்றுவது நல்லது.

இரண்டாவது, ஆயிலின் தரம். கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது. ஆயிலில் சேர்க்கும் கால்சியம், மெக்னீசியம், துத்தநாகச் சேர்மங்கள்தான் அந்தச் சாம்பல். ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கத்தின் ஏசிஇஏ (ACEA) சி3 தரத்தில் சல்ஃபேட்டட் ஆஷ், அதாவது சாம்பல் அளவு, 0.8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பழைய ஏ3/பி4 ஆயிலில் அது 1.6 வரை போகலாம். டின்னில் "ஃபுல்லி சிந்தெட்டிக்" என்று பெரிதாகப் போட்டிருப்பது இதற்கு உத்தரவாதம் ஆகாது, பின்பக்கச் சிறிய எழுத்தில் கார் கையேடு கேட்கும் தரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சாம்பல் சேர்ந்த ஃபில்டரைக் கழற்றி, சூளையில் சுட்டு, பின்னாலிருந்து முன்னோக்கிக் காற்றோ தண்ணீரோ செலுத்தி எடுப்பதுதான் முறை. ஆசிட் கழுவல் வேண்டவே வேண்டாம், சுவரில் பூசிய பிளாட்டினப் பூச்சு போய்விடும். சுத்தம் செய்த பிறகு கம்ப்யூட்டரில் சாம்பல் கணக்கைத் திருத்த வேண்டும். "உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு மேப் போட்டுத் தருகிறோம்" என்பவர்களிடம் போக வேண்டாம். ஃபில்டரை எடுத்துவிட்டு கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அனுமதிக்கவில்லை. பொல்யூஷன் சர்டிபிகேட் எடுக்கும் இடத்தில் தப்பிக்கலாம், ஆனால் அந்த நுண்துகள் பின்னால் பைக்கில் வரும் குழந்தையின் நுரையீரலுக்குத்தான் போகிறது.

நீல மூடிக்குள் ஊற்றுவது, தனி கேட்டலிஸ்ட் ஒன்றில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க உதவும் 32.5 சதவீத யூரியாக் கரைசல். அதற்கு நம் வெயில் ஆகாது. 25 டிகிரிக்குள் வைத்தால் ஒன்றரை ஆண்டு தாங்கும், 30இல் ஓராண்டு, 35இல் ஆறு மாதம். கடை வாசலில் வெயிலில் அடுக்கிய கேனை வாங்காதீர்கள், தயாரிப்புத் தேதி பாருங்கள், டிக்கியில் மிச்சம் வைக்காதீர்கள். கரைசலின் செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 31.8க்கும் 33.2க்கும் இடையில் காட்ட வேண்டும். குழாய்த் தண்ணீர் கலந்த சரக்கில் உள்ள கால்சியம், அந்த கேட்டலிஸ்டை மெல்லக் கெடுக்கும். தவறி டீசல் டேங்கில் யூரியாவை ஊற்றிவிட்டால் சாவியை ஆன்கூடச் செய்யாமல் டேங்கை இறக்குங்கள். அந்த கேட்டலிஸ்டின் திறன் குறைந்ததாகச் சொல்லும் பி20இஇ கோடு வந்தால் அதை மாற்றும் முன், கரைசலின் தரம், பீய்ச்சும் முனையில் படிந்த வெள்ளை உப்பு, நைட்ரஜன் ஆக்சைடு சென்சார் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். எச்சரிக்கை விளக்கைத் தள்ளிப்போட்டால் மீதிக் கிலோமீட்டர் எண்ணிக்கை பூஜ்யமானதும், அணைத்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

அறுவடைக் காலத்தில் கிராமச் சாலையில் கொள்ளும் உளுந்தும் பரப்பியிருக்கும் இடங்களில், முடிந்தால் சுற்றிப் போங்கள். காய்ந்த கொடி வண்டியின் அடியில் சுற்றிக்கொள்ளும், ரீஜென் நேரத்துச் சைலன்சர் சூட்டில் அது பற்ற நேரமே ஆகாது. ஏறிப் போக நேர்ந்தால் சற்றுத் தள்ளி நிறுத்தி, குனிந்து அடியில் பாருங்கள்.

பழைய பிஎஸ்6 டீசல் வாங்கப் போகிறவர்கள், கடைசி ரீஜெனுக்குப் பிறகு ஓடிய தூரம், சாம்பல் அளவு, ஐடிலில் உள்ள அழுத்த வேறுபாடு மூன்றையும் ஸ்கேனரில் படித்துக்காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் ஸ்கேனரே இல்லாமல் ஒரு சோதனை செய்யலாம். ஆறிய சைலன்சர் முனைக்குள் வெள்ளைத் துணியால் துடையுங்கள். டிபிஎஃப் நன்றாக இருந்தால் லேசான சாம்பல் நிறத் தூசிதான் வரும். துணி கன்னங்கரேலென்று கறுத்தால் உள்ளே ஃபில்டர் விரிசல் விட்டிருக்கிறது அல்லது யாரோ அதை எடுத்துவிட்டார்கள்.