குச்சிக்கு இந்தப் பக்கம்

வாத்து விழுந்தது நாணல் ஓரம், தான் நின்றது கரைமேல் இருக்கும் பட்டமரத்தடி, நடுவில் 60 மீட்டர் இருக்கும் என்று இரட்டைக்குழல் அண்ணன் மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்லும்போது அது 65 ஆகியிருந்தது. மறுநாள் காலையில் எங்களில் இளையவன் தூரம் அளக்கும் லேசர் கருவியோடு அதே மரத்தடியில் போய் நின்றான். 34 மீட்டர்.

"அண்ணே, ராத்திரியோட ராத்திரியா ஏரி சுருங்கிடுச்சு போல" என்றான்.

"அடிபட்ட வாத்து என்னைப் பார்த்து நீந்தி வந்திருக்கும்டா" என்றார் அண்ணன், கொஞ்சமும் அசராமல்.

எங்கள் கூட்டத்தில் ஐந்து பேர். வேட்டைப் பருவம் திறந்ததும் சேருவோம், மூடியதும் அவரவர் வேலைக்குப் போவோம், ஆனால் பேச்சு மட்டும் வருஷம் முழுக்க ஓடும். ஒருவரை ஒருவர் துப்பாக்கியை வைத்துத்தான் கூப்பிடுவோம். இரட்டைக்குழல் அண்ணன், முப்பது-நாட்-சிக்ஸ் மாமா, இப்படி. மாமா .30-06 என்ற தோட்டா போடும் ரைஃபிளைத் தவிர வேறு எதையும் ரைஃபிள் என்று ஒத்துக்கொள்ள மாட்டார். இளையவன் கையில் இருப்பது .308 வின்செஸ்டர் தோட்டா போடும் ரைஃபிள். இருவருக்கும் இடையே ஓடும் சண்டைக்கு வயது பன்னிரண்டு வருஷம்.

மாமாவின் தோட்டா 1906-ல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்தது, இளையவனுடையது 1952-ல் சந்தைக்கு வந்தது. ஒரே விட்டமுள்ள குண்டைத்தான் இரண்டும் தள்ளுகின்றன. .30-06-ன் தோட்டாக்கூடு நீளமானது, வெடிமருந்து கொஞ்சம் அதிகம் பிடிக்கும், அதனால் குண்டும் கொஞ்சம் வேகமாகப் போகும். மான் தூரத்தில் அந்த வித்தியாசம் மானுக்குத் தெரியாது. நான் இதைச் சொன்னால் இருவருமே என்மேல் பாய்வார்கள், அதனால் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. ஒரு தடவை இளையவன் நான்கு குண்டு போட்டும் இலக்குத் தாளில் ஒன்றுகூடப் படவில்லை. மாமா பக்கத்தில் போய் ரைஃபிளை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, பின்கட்டையைத் தட்டிக்காட்டிச் சொன்னார்: "துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு தம்பி. இதோ, இந்த முனையில பிடிச்சிருக்கிற ஆளை மட்டும் மாத்திடு." இளையவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு பார்த்தால் ஸ்கோப்பைப் பிடித்திருந்த திருகாணி ஒன்று தளர்ந்திருந்தது. அது வேறு கதை.

என் கையில் இருப்பது 12 போர் ஷாட்கன், போர் என்பது குழலின் அளவு. இந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பார்கள். ஒரு பவுண்டு ஈயத்தைச் சரிசமமாகப் பன்னிரண்டு உருண்டையாக உருட்டினால் அதில் ஓர் உருண்டை குழலுக்குள் கச்சிதமாக இறங்கும், கிட்டத்தட்ட 18.5 மி.மீ., அதுதான் கணக்கு. 20 போர் என்றால் இருபது உருண்டை, ஆகவே குழல் சின்னது. எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். .410 மட்டும் இந்த வரிசையில் சேராது, அது அங்குலத்தில் குழலின் விட்டம். இதைச் சொன்னால் கேட்பவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், அதைப் பார்ப்பதற்காகவே நான் ஒவ்வொரு வருஷமும் அலுக்காமல் சொல்கிறேன்.

வாத்துப் பேச்சில் எனக்குப் பிடித்தது நாலாவது வாத்துக் கதை. புதுசாகச் சேர்ந்த ஒருவர் வரிசையாகப் பறந்துவந்த வாத்துகளில் முதலாவதைக் குறிவைத்துச் சுட்டார், நாலாவது விழுந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம். இரட்டைக்குழல் அண்ணன் மட்டும் ரொம்பப் பொறுமையாக, "சரி, நாளைக்கு முதல் வாத்து வேணும்னா அதுக்கு முன்னாடி மூணு வாத்து பறக்குதுன்னு நினைச்சுக்கிட்டு சுடு" என்றார். இது வெறும் கேலி இல்லை. வாத்து மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால் நொடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர். சன்னம், அதாவது தோட்டாவிலிருந்து சிதறும் சின்ன உருண்டைகள், 35 மீட்டரைக் கடக்க ஒரு நொடியில் ஒன்பதில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் வாத்து இரண்டு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். பறவையைப் பார்த்துச் சுட்டால் பறவை இருந்த இடத்தைத்தான் சுடுகிறோம். அண்ணன் சொன்ன மூன்று வாத்துக் கணக்கும் இந்தக் கணக்கும் ஒன்றுதான்.

சன்னம் ஈயமா எஃகா என்ற வாக்குவாதத்தில் நான் எஃகுக் கட்சி. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம், எஃகு 7.8 கிராம்தான், எஃகுச் சன்னம் சீக்கிரம் வேகம் இழக்கும், தூரம் குறையும். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வாத்து இரையை அரைக்கப் பொடிக்கல்லைத் தேடி விழுங்கும். சேற்றில் கிடக்கும் ஈயச் சன்னத்தையும் கல் என்று விழுங்கி, நஞ்சேறி, நாள்கணக்கில் மெலிந்து சாகும். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னத்தை 1991-லிருந்து நாடு முழுக்க நிறுத்திவிட்டார்கள். டென்மார்க்கில் 1996-லேயே ஈயச் சன்னத்துக்குத் தடை. அங்கெல்லாம் வாத்து வேட்டை நின்றுபோய்விடவில்லை. இரண்டு அளவு பெரிய சன்னம் போடுங்கள், பத்தடி கிட்டே போங்கள், முடிந்தது. கிட்டே போகத் தெரியாதவருக்குத்தான் ஈயம் வேண்டும் என்பது என் கருத்து. இதற்கு மாமா இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

சரி, தூரத்துக்கு வருகிறேன். கதை சொல்லும்போது தூரம் நீளும், சுடும்போது தூரம் சுருங்கும். முதலாவது யாரையும் நோகடிக்காது. இரண்டாவது அப்படியில்லை, அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஓர் ஒற்றைப் பன்றி.

சோளம் அறுத்து முடித்த வயல். பன்றிகள் இரவோடு இரவாக வந்து, டிராக்டர் உழுததைவிட ஆழமாகக் கிண்டிப் போட்டிருக்கின்றன என்று வயல்காரர் கூப்பிட்டிருந்தார். அனுமதிச் சீட்டு இருந்தது, காற்று நேராக என் முகத்தில் அடித்தது. பன்றிக்குக் கண் பெரிதாகத் தெரியாது, மூக்குதான் எல்லாம், அதனால் காற்று சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. 12 போரில் சன்னத்துக்குப் பதிலாக ஒற்றைக் குண்டுத் தோட்டா போட்டிருந்தேன், குறி சரிபார்த்திருந்தது 50 மீட்டருக்கு. வெயில் இறங்கும் நேரத்தில் அது தனியாகப் புதரிலிருந்து வெளியே வந்தது. பெரியது. என் முதுகுக்குப் பின்னாலிருந்து சூரியன் நேராக அதன் விலாவில் விழுந்து ஒவ்வொரு மயிரும் தெரிந்தது.

அப்போது என் கண் 50 மீட்டர் என்று சொன்னது. நடுவில் மரமோ வேலியோ ஒன்றும் கிடையாது, வெறும் அறுத்த தாள். பக்கத்தில் அளவு ஒப்பிட வேறு பன்றியும் இல்லை. பெரிய மிருகம், நல்ல வெளிச்சம், வெட்டவெளி, மூன்றும் சேர்ந்தால் எதுவும் கிட்டத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும். லேசர் கருவி பைக்குள் இருந்தது. எடுக்கவில்லை. சுட்டேன்.

மறுநாள் அளந்தேன், 83 மீட்டர். அந்தத் தூரத்தில் என் குண்டு அரைச் சாண் கீழே இறங்கும். அதோடு விசையை அழுத்திய அதே நேரத்தில் அது ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தது. நெஞ்சில் படவேண்டியது வயிற்றில் பட்டது.

சுட்ட இடத்தில் போய் மண்டியிட்டுப் பார்த்தேன். நுரையீரலில் பட்டிருந்தால் ரத்தம் இளஞ்சிவப்பாக, சின்னச் சின்ன நுரையோடு இருக்கும், மிருகம் தூரம் போகாது. ஈரலில் பட்டால் கருஞ்சிவப்பு. அங்கே கிடந்தது நீர்த்த, பழுப்பு கலந்த ரத்தம், அதுவும் கொஞ்சம்தான். ஒரு சோளத்தாளின் அடிப்புறத்தில், என் முழங்கால் உயரத்துக்குக் கீழே, விரல் அகலத்துக்கு இழுவியிருந்தது. அதில் பாதி அரைபட்ட சோளம் ஒட்டியிருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தேன். சாணி நாற்றம். குடல்.

மாமாவுக்குப் போன் போட்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, "பின்னாடியே போனியா?" இல்லை என்றேன். "போகாதே. காலையில வர்றேன்."

குடலில் அடிபட்ட மிருகம் உடனே துரத்தினால் கடைசி மூச்சுவரை ஓடும், விட்டுவிட்டால் கொஞ்ச தூரத்திலேயே படுக்கும். ஐந்தாறு மணி நேரமாவது விடவேண்டும் என்பது பழைய பாடம். இருட்டில் காயம்பட்ட ஒற்றைப் பன்றியைத் தேடிப் புதருக்குள் போவது உயிரோடு விளையாடுவது. எல்லாம் தெரியும். ஆனாலும் அந்த ராத்திரி நான் தூங்கவில்லை. எங்கேயோ ஒரு புதருக்குள் அது படுத்திருக்கிறது, அதன் வலி என் கணக்கில் இருக்கிறது என்ற நினைப்பை எந்தப் பாடமும் லேசாக்கவில்லை.

விடிந்ததும் மாமா நாயோடு வந்தார். ரத்தத் தடம் பிடிக்கிற நாய், பத்து மீட்டர் நீளக் கயிற்றில். பன்றியின் கொழுப்பு காயத்தின் வாயை அடைத்துவிடும், அதனால் முதல் ஐம்பது அடிக்கு அப்புறம் மனிதக் கண்ணுக்கு ஒரு சொட்டுகூட இல்லை. நாய் மூக்கைத் தரையில் வைத்ததுதான், பிறகு தூக்கவேயில்லை. ஒரு வாய்க்கால், ஒரு கேட் (திறந்தோம், தாண்டினோம், மூடினோம், ஊரான் நிலத்தில் நடக்கிறவன் இதை மறக்கக்கூடாது), அப்புறம் முள்காடு. நானூறு மீட்டர் போனதும் கயிறு விறைத்தது, நாய் குரைத்தது. அது உயிரோடுதான் இருந்தது. எழுந்து நிற்கப் பார்த்தது. பத்தடியில் நின்று முடித்துவைத்தேன். மாமா தொப்பியைக் கழற்றி ஒரு நிமிஷம் நின்றார், நானும் நின்றேன்.

தோலுரித்தது இரட்டைக்குழல் அண்ணன். ஆண் பன்றிக்குத் தோள்பட்டையில் தோலுக்கு அடியில் கேடயம் மாதிரி ஒரு தடித்த பகுதி உண்டு, ஆண்கள் ஒன்றோடொன்று மோதும்போது கோரைப்பல்லிலிருந்து காப்பது அதுதான். இதற்கு இரண்டு விரல் தடிமன் இருந்தது. கத்தி அதற்குள் போகும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். அண்ணன் நிறுத்தி, விரலால் தோண்டி எடுத்தார். சாம்பல் நிறத்தில், ஒரு பக்கம் தட்டையாகிப்போன ஈயச் சன்னம். அதைச் சுற்றிச் சதை ஒரு சின்னப் பை மாதிரி வளர்ந்து மூடியிருந்தது. இன்னும் தேடினார், மொத்தம் மூன்று. என்றைக்கோ யாரோ எட்டாத தூரத்திலிருந்து சுட்டது.

"இதைச் சுட்டவன் அன்னைக்கு ராத்திரி எத்தனை மீட்டர்னு சொல்லியிருப்பான்?" என்றான் இளையவன். அண்ணன் பதில் சொல்லவில்லை. மூன்றையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு என் கையில் வைத்தார். அவை இப்போதும் என் தோட்டாப் பெட்டியில் இருக்கின்றன.

பெரிய துப்பாக்கி இருந்தால் இந்தத் தப்பு வராது என்று சிலர் சொல்வார்கள். ஸ்காட்லாந்துக்காரர் வால்டர் பெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர், பெரும்பகுதி சின்ன விட்ட ரைஃபிள்களால், அதிலும் .275 ரிக்பி அவருக்கு ரொம்பப் பிடித்தது. அந்த எண்ணிக்கை எனக்குக் கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் செத்த யானையின் மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்து, மூளை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கமிருந்து குண்டு எப்படிப் போனால் அதை எட்டும் என்று உட்கார்ந்து படித்தார். அந்த உழைப்பை மதிக்கிறேன். வயிற்றில் பட்டால் பெரிய .375 குண்டும் வயிற்றுக் காயம்தான்.

இப்போது எந்த வயலுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால், வெளிச்சம் இருக்கும்போதே, உட்காரப்போகும் இடத்திலிருந்து அளந்து 50 மீட்டரில் ஒரு குச்சி நடுகிறேன். உச்சியில் வெள்ளைத்துணி கட்டியிருக்கும். குச்சிக்கு அந்தப் பக்கம் எது நின்றாலும் பார்ப்பதோடு சரி. முதல் நாள் இளையவன், "அண்ணே, அந்தப் பன்னிக்கு லைன் தாண்டக்கூடாதுன்னு யாராவது சொன்னீங்களா?" என்று கேட்டான். இந்தப் பருவத்தில் அவனும் ஒரு குச்சி நடுகிறான், அவனுடையது 150-ல்.

போன வாரம் ஒரு தாய்ப்பன்றி வந்தது. பின்னால் முதுகில் கோடுபோட்ட குட்டிகள், ஏழு எண்ணினேன், எட்டாக இருக்கலாம், ஒன்று இன்னொன்றின் அடியில் புகுந்துகொண்டே இருந்தது. குட்டியோடு இருக்கும் தாயை நாங்கள் எந்தத் தூரத்திலும் தொடமாட்டோம். அது நேராகக் குச்சிக்குப் போய், துணியை முகர்ந்து, முதுகைக் கொடுத்து நன்றாகத் தேய்த்தது. குச்சி சாய்ந்தது. குட்டிகள் துணியைப் பிடித்து இழுத்தன. பிறகு காற்று என் பிடரியில் பட்டது. அடுத்த நொடி தாய் மூச்சுவிட்டு உறுமியது, எல்லாம் ஒரே கோடாகப் புதருக்குள் போயின. துணியைக் காணோம்.