பின் சீட்டில் ஒரு அக்கா

நான் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்து இது மூன்றாவது வருஷம். எங்கள் பெரும்பாக்கம் குடியிருப்பில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில், லிஃப்டுக்கு நிற்கும் இடத்தில், யாராவது ஒரு பெண் கேட்டுவிடுவாள்: "எப்படிக்கா ஆரம்பிச்சே? எங்கே போகணும், யாரைப் பாக்கணும்?" ஒவ்வொருத்திக்கும் உட்கார்ந்து சொல்லத்தான் ஆசை, நேரம் கிடைப்பதில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி இங்கே எழுதிவைக்கிறேன்.

சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையில் இருந்தவர்கள் நாங்கள். 2015 டிசம்பர் வெள்ளம் வீட்டில் ஒரு தட்டுகூட மிச்சம் வைக்கவில்லை. அதற்குப் பிறகு கரையோர வீடுகளை எடுத்துவிட்டு, பெரும்பாக்கத்தில் குடிசை மாற்று வாரிய அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். சுவர் நல்ல சுவர், கூரை நல்ல கூரை. ஆனால் நான் பாத்திரம் தேய்த்த நான்கு வீடும் மேற்கு மாம்பலத்தில் இருந்தன. காலை ஆறரைக்குப் போய் நின்றவள், எட்டரைக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. ஆறு மாதத்தில் மூன்று வீடு போய்விட்டது. 2021-ல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு காசு மிச்சமானது, நேரம் மிச்சமாகவில்லை. அதற்குள் வீட்டுக்காரரும் போய்விட்டார். இரண்டு பிள்ளைகள்.

பக்கத்திலேயே ஓ.எம்.ஆர். அபார்ட்மென்ட்களில் வேலை கேட்டுப் போனேன். எல்லாம் பேசி முடித்த பிறகு "எங்கே இருக்கீங்க?" என்பார்கள். பெரும்பாக்கம் வாரிய வீடு என்று சொன்னால் முகம் மாறும். "போன் பண்றோம்" என்பார்கள், வராது. அதிலிருந்து யார் கேட்டாலும் "சோழிங்கநல்லூர் பக்கம்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

2023-ல் ஒரு தொண்டு நிறுவனத்தின் அக்கா எங்கள் பிளாக்குக்கு வந்தார். பெண்களுக்கு டிரைவிங் கற்றுத்தருகிறோம், பணம் வேண்டாம், ஐந்து மாதம், வாரத்துக்கு மூன்று நாள் என்றார். தில்லியில் ஆசாத் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2008 முதல் இப்படிப் பெண்களை டிரைவராக்கி வருகிறது என்று போனில் வீடியோ காட்டினார். நான் நம்பவில்லை. லோன், சீட்டு என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிப் போனவர்கள் ஏற்கெனவே உண்டு. அக்கா எதையும் வற்புறுத்தவில்லை. அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். நான்காவது வாரம் ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கொடுத்தேன்.

முதல் ஒரு மாதம் வண்டியையே கண்ணில் காட்டவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. எழுந்து நின்று பேர், வயது, விலாசம் சொல்லச் சொன்னார்கள். நான் சோழிங்கநல்லூர் என்றேன். அக்காவுக்கு என் வீடு தெரியும், ஆனாலும் திருத்தவில்லை. அப்புறம் மேப் பார்ப்பது, கூட்டல் கழித்தல், குடும்ப வன்முறைச் சட்டம் என்றால் என்ன, போலீஸ் வண்டியை நிறுத்தினால் எந்தெந்தப் பேப்பரைக் காட்டுவது என்று போனது. ஒருத்தி டிரைவர், ஒருத்தி சவாரி என்று உட்கார்த்திவைத்துச் சண்டை போடச் சொல்வார்கள். "எண்பது ரூபாய்தான் தருவேன்" என்று எதிரே இருப்பவள் கத்த வேண்டும். நான் குரல் உயர்த்தாமல், கண்ணைப் பார்த்து, "ஏறும்போது நூத்தி இருபதுன்னு பேசினோம்" என்று சொல்ல வேண்டும். மூன்று முறை என் கண் தரைக்குப் போனது. நான்காவது முறை போகவில்லை.

விலாசம்? இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், வங்கியில் கணக்கு தொடங்கும்போது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார். "பெரும்பாக்கம், வாரிய வீடு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பக்கத்தில் அக்கா பாஸ்புக் கவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

பேப்பர் விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், இங்கேதான் பல பேர் நின்றுவிடுகிறார்கள். நான் ஏழாவது வரைதான். அதற்கு முன்பே ஒரு டிரைவிங் ஸ்கூலில் கேட்டிருந்தேன். "எட்டாவது பாஸ் இல்லாம வாடகை வண்டி லைசென்ஸ் கிடையாது, சர்டிஃபிகேட்டுக்கு ஆள் இருக்கு, எட்டாயிரம் ஆகும்" என்றார்கள். அந்த எட்டாயிரத்துக்காக நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடை வரை போய்த் திரும்பியவள் நான். அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அந்த எட்டாவது வகுப்பு விதியை மத்திய அரசு 2019-லேயே எடுத்துவிட்டது. நான்கு வருஷம் கழித்தும் எங்களைப் போன்றவர்களிடம் அதை வைத்துக் காசு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. வாடகை வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுக்கும் பேட்ஜும் அப்படித்தான். இலகுரக வண்டி லைசென்ஸ் இருந்தால் ஆட்டோ, டாக்சிக்குத் தனி பேட்ஜ் தேவையில்லை என்று மத்திய அரசு 2018-ல் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அந்த லைசென்ஸே வாடகை வண்டிக்கும் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. யாராவது உங்களிடம் இதற்கு இவ்வளவு என்று சொன்னால், உடனே பையைத் திறக்காதீர்கள். நேராக ஆர்.டி.ஓ. ஆபீஸ் கவுன்டரில் கேளுங்கள்.

எல்.எல்.ஆர்., அதாவது பழகுவதற்கான லைசென்ஸ், ஆன்லைனில் பதிய வேண்டும். கம்ப்யூட்டரில் கேள்வி வரும், தமிழையே எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் ரோட்டு போர்டு, சிக்னல், யாருக்கு வழி விடுவது என்பதுதான். படங்களை வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்தேன், என் சின்னவன் பரீட்சை வைத்தான். எல்.எல்.ஆர். கைக்கு வந்து 30 நாள் ஆன பிறகுதான் டெஸ்டுக்குப் போக முடியும். ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும்.

அந்த நாட்களில்தான் வண்டி. மாஸ்டரும் ஒரு பெண்தான், பதினைந்து வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறவர். இடது கைப்பிடியில் கிளட்ச், அதையே முறுக்கினால் கியர், வலது கையில் ஆக்சிலேட்டர், காலில் பிரேக். சைக்கிள் ஓட்டிய பெண்களுக்கு ஹேண்டில் சீக்கிரம் பிடிபடும் என்றார். என் அம்மா புதுக்கோட்டைக்காரி. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஊர் ஊராகப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள், அம்மாவும் கற்றுக்கொண்டாள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆம்பிளை சைக்கிளில்தான். பாரில் என்னை உட்காரவைத்து மிதிப்பாள். கூட ஓடிவர ஒருத்தி இருந்ததால்தான் விழாமல் கற்றேன் என்று சொல்வாள். சின்ன வயதில் அது எனக்கு ஒரு கதை மாதிரிதான் இருந்தது.

முன்னே ஓட்டுவது ஒரு வாரத்தில் வந்துவிட்டது. ரிவர்ஸ்தான் என்னை அழவைத்தது. அதற்குத் தனியாக ஒரு லீவர். போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்புவது என்று கை மறந்துவிடும். இரண்டு செங்கல்லை வைத்து நடுவே பின்னால் விடச் சொல்வார் மாஸ்டர். பின் சக்கரம் செங்கல்லில் ஏறும் அந்த 'டக்' சத்தம் ராத்திரி தூக்கத்திலும் கேட்டது. "வண்டி முழுசையும் பாக்காதே, வலப்பக்கப் பின் சக்கரத்தை மட்டும் பாரு" என்றார் ஒரு நாள். அன்று சாயங்காலம் நான்கு முறை விட்டேன், நான்கு முறையும் செங்கல் அசையவில்லை. டெஸ்டில் முதல் தடவை ரிவர்ஸில்தான் ஃபெயில். இரண்டாவது தடவை பாஸ்.

லைசென்ஸ் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பத்து நாள் வண்டியைத் தொடவில்லை. மேடவாக்கம் ஜங்ஷனில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே மூன்று சக்கரத்தில் தனியாக நிற்பதை நினைத்தாலே வயிறு கலங்கியது. அக்கா வீட்டுக்கு வந்து ஏன் என்று கேட்கவில்லை. "நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு வரேன், என்னைத் தாம்பரம் கொண்டுபோய் விடு" என்றார். சவாரி மாதிரிப் பின்னால் உட்கார்ந்தார். வழி சொல்லவில்லை, 'மெதுவா' என்றுகூடச் சொல்லவில்லை. கண்ணாடியில் பார்த்தால் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். இறங்கும்போது பேசிய காசை எண்ணிக் கையில் கொடுத்தார். வேண்டாம் என்றேன். "சவாரிகிட்ட காசு வேண்டாம்னு சொல்லுவியா?" என்றார். ஆறு நாள் அப்படி வந்தார். ஏழாவது நாள் நான் தனியாகப் போனேன். மருத்துவமனையில் நைட் டியூட்டி முடித்த ஒரு நர்ஸ் பெண் என் முதல் சவாரி. ஏறி உட்கார்ந்து இரண்டு நிமிஷத்தில் தூங்கிவிட்டாள். என்னை நம்பி ஒருத்தி தூங்கியதை நான் மறக்க மாட்டேன்.

எத்தனையோ பயிற்சிகளில் தன்னம்பிக்கை என்று மைக்கில் பேசிக் கேட்டிருக்கிறேன். ஒன்றும் ஒட்டியதில்லை. பேங்க்குக்கு, ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு, தாம்பரத்துக்கு என்று கூட வந்தார்களே, அதுதான் எனக்கு வேலை செய்தது. அவர்களிடம் ஒரு குறையும் சொல்ல வேண்டும். எங்கள் பேட்ச்சில் இருபத்திரண்டு பேர் சேர்ந்தோம், ஒன்பது பேர்தான் முடித்தோம். நின்றுபோனவர்கள் பயந்து நிற்கவில்லை. கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்று தெரியாமல் நின்றார்கள். பயிற்சி நடந்த அறைக்குப் பக்கத்தில் ஒரு தொட்டிலும் ஒரு ஆயாவும் இருந்திருந்தால் இன்னும் ஆறு பேராவது ஓட்டிக்கொண்டிருப்பார்கள். நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் இன்னும் வாடகை வண்டிதான், ஒரு நாளைக்கு 350 ரூபாய், கேஸ் தனி. கமிஷன் பிடிக்காமல் நாளுக்கு ஒரு சின்னத் தொகை மட்டும் வாங்கும் ஆப்கள் இருக்கின்றன, அதில் ஓட்டுங்கள். ஆட்டோ டிரைவர்களுக்கு நலவாரியம் இருக்கிறது, லைசென்ஸ் வந்ததும் பதிந்துவிடுங்கள், பிள்ளைகள் படிப்புக்கு உதவி உண்டு. சென்னையில் பெண்கள் ஓட்டும் பிங்க் ஆட்டோ திட்டம் 2025 மகளிர் தினத்தில் தொடங்கியது. அரசு ஒரு லட்சம் மானியம், மிச்சம் வங்கிக் கடன். எங்கள் பேட்ச்சில் ஒருத்திக்குக் கிடைத்தது, நானும் அடுத்த முறைக்குப் பேப்பர் தயார் செய்து வைத்திருக்கிறேன். அப்புறம் பாத்ரூம். இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். எந்த பெட்ரோல் பங்கில் சுத்தமாக இருக்கும், எதில் பூட்டிவைத்திருப்பார்கள் என்று நாங்கள் ஒன்பது பேரும் வாட்ஸப்பில் எழுதிவைத்திருக்கிறோம். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டாதீர்கள். நான் அப்படி ஓட்டி நீர்க்கடுப்பு வந்து இரண்டு நாள் படுத்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் பின் சீட்டில் போகிறேன். போன வாரம், பக்கத்து பிளாக் பெண் ஒருத்திக்கு முதல் நாள். மேடவாக்கம் போக வேண்டியவள், மெயின் ரோட்டில் ஏறியதும் சோழிங்கநல்லூர் பக்கம் திருப்பிவிட்டாள். எனக்கு வாய் வரை வந்துவிட்டது, கம்பியைப் பிடித்துக்கொண்டு அடக்கிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போய் அவளுக்கே தெரிந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நான் வெளியே பார்த்தேன். இண்டிகேட்டர் போட்டு, பின்னால் வந்த வேனை விட்டு, யூ-டர்ன் எடுத்துத் திரும்பினாள். இறங்கியதும் மீட்டரைப் பார்த்து, "சுத்துனது என் தப்பு, இருபது கம்மியா குடுங்க அக்கா" என்றாள். எண்ணிக் கொடுத்தேன்.