கையடக்க பாலிஸ்டிக் கால்குலேட்டர்: வாங்கும் முன் எதைப் பார்ப்பது

நெடுந்தூர இலக்குச் சுடுதலுக்கு பாலிஸ்டிக் கால்குலேட்டர் (குண்டு எவ்வளவு தாழும், விலகும் என்று கணித்து ஸ்கோப்பை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று சொல்வது) வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எது துல்லியமானது?" என்றுதான். கேள்வியிலேயே கொஞ்சம் பிசகு இருக்கிறது. ஒரே எண்களைக் கொடுத்தால், இன்று புழக்கத்தில் உள்ள நல்ல கால்குலேட்டர்கள் பெரும்பாலும் 1000 மீட்டரில் 0.1 மில் அளவுக்குள் ஒத்துப்போகும். மில் என்பது ஒரு கோண அளவு. 0.1 மில் அந்தத் தூரத்தில் 10 செ.மீ., பல ஸ்கோப்புகளில் ஒரே ஒரு கிளிக். கணக்கு எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றேதான். உள்ளே போகும் எண்களில்தான் ஆட்டம் காண்கிறது. சரியான எண்ணைச் சிரமமில்லாமல் உள்ளே போட விடுகிறதா, தப்பான எண் போனால் கண்டுபிடிக்க வழி வைத்திருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

எந்த எண் எவ்வளவு இழுக்கும் என்று தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது. எடுத்துக்காட்டாக 6.5 கிரீட்மோர் தோட்டா, 140 கிரெயின் எடைக் குண்டு, ஜி7 பிசி (காற்றின் இழுவையைக் குண்டு எவ்வளவு சமாளிக்கும் என்ற எண்) 0.326, குழல்வாய் வேகம் விநாடிக்கு 826 மீட்டர், 100 மீட்டர் ஜீரோ (அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே விழும்படி ஸ்கோப்பை அமைத்தது) என்று வைத்துக்கொள்வோம். கடல்மட்டக் காற்றில் 1000 மீட்டருக்கு ஸ்கோப்பில் சுமார் 10 மில் ஏற்ற வேண்டியிருக்கும். குண்டு போய்ச் சேர ஏறத்தாழ 1.7 விநாடி. இதில் குழல்வாய் வேகத்தை 10 மீ/வி தப்பாகப் போட்டால் இலக்கில் 0.2 மில்லுக்கு மேல் விலகும். தூரத்தை 10 மீட்டர் தப்பாக அளந்தால் 0.14 மில் அளவுக்குப் போகும். பக்கவாட்டுக் காற்றை 1 மீ/வி தப்பாகக் கணித்தால் கிட்டத்தட்ட அரை மில், அதாவது அரை மீட்டர். கோரியோலிஸ் விளைவு, அதாவது பூமி சுழல்வதால் வரும் விலகல், பலரும் பெருமையாகப் பேசுவது, நடு அட்சரேகைகளில் 9 செ.மீ. அளவுக்குத்தான் பக்கவாட்டில் தள்ளும். "கோரியோலிஸ் கணக்கும் உண்டு" என்ற விளம்பர வரியைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. சுழல் விலகல், அதாவது குண்டு தன்னைத்தானே சுற்றுவதால் பக்கவாட்டில் நகர்வது, அதைவிடப் பெரியது, இந்தக் குண்டுக்கு 0.2 மில்லைச் சற்றுத் தாண்டும். அது இல்லாத கால்குலேட்டரை ஒதுக்கிவிடலாம்.

அடுத்து, அதிகம் பேர் வழுக்கி விழும் இடம்: காற்றழுத்தம். வானிலைச் செயலி காட்டும் அழுத்தம் கடல்மட்டத்துக்குத் திருத்தப்பட்ட அழுத்தம். நீங்கள் நிற்கும் இடத்தில் உண்மையிலேயே இருக்கும் அழுத்தம், அதாவது ஸ்டேஷன் பிரஷர், வேறு. 1500 மீட்டர் உயரத்தில் ஸ்டேஷன் பிரஷர் சுமார் 845 ஹெக்டாபாஸ்கல் இருக்கும், செயலியோ 1013 என்று காட்டும். அந்த 1013-ஐ அப்படியே ஸ்டேஷன் பிரஷராகப் போட்டால், காற்று உள்ளதைவிட 20 சதவீதம் அடர்த்தி என்று கால்குலேட்டர் நம்பிவிடும். 1000 மீட்டரில் முக்கால் மில்லுக்குக் குறையாமல் குண்டு மேலே போகும். இதன் மறுபக்கமும் உண்டு. உண்மையான ஸ்டேஷன் பிரஷரைப் போட்டுவிட்டு, உயரத்தையும் தனியாக நிரப்பிவிடுவார்கள். சில செயலிகள் அதை இரண்டு முறை கழித்துவிடும். "அழுத்தம் திருத்தப்பட்டதா, இடத்து அழுத்தமா" என்று தெளிவாகக் கேட்காத செயலியை நம்பக் கூடாது.

கெஸ்ட்ரல் 5700 போன்ற, வானிலை மானியும் கணக்கும் ஒரே பெட்டியில் உள்ள கருவிகளின் பெரிய லாபம் இங்கேதான். அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் மூன்றையும் தானே எடுத்துக்கொள்ளும், கைத்தப்புக்கு இடமில்லை. ஆனால் கருவி எதை அளக்கிறது என்று யோசித்துக்கொண்டே இருக்க வேண்டும். சட்டைப் பையில் கிடந்த கருவி உடல் சூட்டைத்தான் சொல்லும். வெயிலில் கறுப்பு மேசைமேல் வைத்தது மேசைச் சூட்டைச் சொல்லும். உண்மையைவிட 10 டிகிரி அதிகம் காட்டினால் காற்றடர்த்தி 3 சதவீதத்துக்கு மேல் குறைவாகப் போய்விடும். கயிற்றைப் பிடித்து நிழலில் ஒரு நிமிடம் சுழற்றிவிட்டு, எண் நகராமல் நின்ற பிறகு படிப்பதுதான் வழி. ஈரப்பதத்தைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம். ஈரக்காற்று உலர்காற்றைவிட லேசானது, ஆனால் அதன் பங்கு மிகச் சிறியது.

போன் செயலி போதாதா என்றால், போதும், ஒரு நிபந்தனையோடு. போனில் அழுத்த உணரி இருந்தால் அது இடத்து அழுத்தத்தைத்தான் தரும், நல்லது. வெப்பநிலைக்குத் தனி மானி வேண்டும், போன் தன் பேட்டரிச் சூட்டைத்தான் அறியும். லாபுவா செயலி அந்த நிறுவனத்தின் குண்டுகளுக்கு ரேடாரில் அளந்த இழுவைத் தரவோடு வருகிறது, ஹார்னடி நிறுவனத்தின் 4டிஓஎஃப் செயலி தன் குண்டுகளுக்கு அப்படியே. வீட்டில் உட்கார்ந்து அட்டவணை போட, தோட்டாக்களை ஒப்பிட, போனைவிட வசதி எதுவுமில்லை. களத்தில் அதன் வேஷம் கலையும். உச்சி வெயிலில் திரை மங்கும், போன் சூடேறித் தானே அணையும், கையுறையோடு தொட்டால் கேட்காது, சரியாகச் சுடும் நேரத்தில் அழைப்பு வரும். சந்தா கட்டும் செயலி என்றால் இணையம் இல்லாத மைதானத்தில் திறக்கிறதா என்று முன்கூட்டியே விமான முறையில் போட்டுப் பார்க்க வேண்டும்.

தூரமானிக்குள்ளேயே கணக்கு உள்ள கருவிகள் வேகமானவை: பொத்தானை அழுத்தினால் தூரமும் ஏற்றமும் ஒரே பார்வையில். ஆனால் எல்லை எங்கே என்று பெட்டியின் பின்புறத்துச் சின்ன எழுத்தில் பார்க்க வேண்டும். ஏபி (அப்ளைடு பாலிஸ்டிக்ஸ்) கணக்கு மென்பொருளின் அல்ட்ராலைட் என்ற சுருக்க வடிவம் உள்ள தூரமானிகள் 800 கெஜம் வரைதான் உங்கள் தோட்டாவுக்கான விடை தரும், அதற்கு மேல் போக வெளிக்கருவி ஒன்றை இணைக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டும் வகையும் உண்டு. எடையில்லை, கையிலேயே இருக்கும், ஆனால் காற்றை அளக்காது, சின்னப் பொத்தானில் புதுத் தோட்டா விவரத்தை ஏற்றுவது பொறுமைக்குச் சோதனை.

குண்டின் இழுவையை எந்த நிலையான குண்டு வடிவத்தோடு (ஜி1, ஜி7) ஒப்பிட்டுக் கணிப்பது என்ற விஷயத்தில் ஒரே விதி. நீண்ட, பின்புறம் குறுகிய குண்டுக்கு ஜி7. ஜி1 பிசி-யை ஜி7 கட்டத்தில் போட்டுவிட்டால் 0.326-க்குப் பதில் 0.646 என்று நம்பி, குண்டு ராக்கெட் மாதிரிப் போகும் என்று கருவி சொல்லும். இந்தத் தப்பு உடனே பளிச்சென்று தெரியும், அதனால் ஆபத்து குறைவு. அந்தந்தக் குண்டுக்கே உரிய தனி இழுவை வளைவு வசதி கெஸ்ட்ரலின் எலீட் வகையில் உண்டு, ஸ்போர்ட்ஸ்மேன் வகையில் இல்லை. 800 மீட்டருக்குள் சுடுபவருக்கு அந்த வித்தியாசம் காசுக்குத் தகாது. குண்டு ஒலிவேகத்தை நெருங்கித் தடுமாறும் தூரத்துக்குப் போகிறவர்கள்தான் அதற்குச் செலவழிக்க வேண்டும்.

திருத்தும் வசதி, அதாவது இலக்கில் விழுந்ததைச் சொல்லி எண்ணைச் சரிசெய்ய விடுவது, கட்டாயம் வேண்டும். அதைப் பயன்படுத்தும் வரிசைதான் பலருக்குத் தலைகீழாகிவிடுகிறது. முதலில் 100 மீட்டர் ஜீரோவைக் குறைந்தது 10 தோட்டாவில் பார்த்து, மையம் எங்கே விழுகிறது என்று அளக்க வேண்டும். 1 செ.மீ. மேலே இருந்தால் அது 0.1 மில், எல்லாத் தூரத்திலும் கூடவே வரும். ஜீரோ ஆஃப்செட் கட்டத்தில் போட்டுவிடலாம். பிறகு ஸ்கோப்பின் உயரம். குழல் மையத்திலிருந்து ஸ்கோப் மையம் வரை, காலிப்பர் வைத்து. இதில் 1 செ.மீ. தப்பினால் 1000 மீட்டரில் 9 செ.மீ. விலகும். "ஏறக்குறைய 5 செ.மீ." என்று போடுபவர்கள் பின்னால் பிசி-யைக் குறை சொல்வார்கள்.

அதற்கடுத்தது உயர இலக்குச் சோதனை. நாடா வைத்து அளந்த சரியான 100 மீட்டரில், தூக்குக்குண்டு பிடித்து ஒரு செங்குத்துக்கோடு வரைந்த உயரமான அட்டை. ஸ்கோப்பை அசையாமல் கட்டிவிட்டு 10 மில் ஏற்றினால் குறுக்குக்கோடு சரியாக 100 செ.மீ. நகர வேண்டும். 98 தான் நகர்ந்தது என்றால் உங்கள் டரட்டின் (ஸ்கோப்பின் திருகுக் குமிழ்) ஒரு மில் உண்மையில் 0.98 மில். இந்தப் பெருக்கியை ஏற்கும் கட்டம் கருவியில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். கட்டம் இல்லையென்றால், இந்த 2 சதவீதத்தை வேகத்தில் திணித்து ஒப்பேற்ற நேரும். ஒரு தூரத்தில் பொருந்தும், மற்ற தூரங்களில் பொருந்தாது. மில்லுக்குப் பதில் எம்ஓஏ என்ற கோண அளவு உள்ள ஸ்கோப்காரர்களுக்கு இன்னொரு வலை: 100 கெஜத்தில் உண்மை எம்ஓஏ 1.047 அங்குலம், சில ஸ்கோப்பும் கால்குலேட்டரும் அதை 1 அங்குலம் என்றே வைத்திருக்கும். 30 எம்ஓஏ ஏற்றும்போது இது 1.4 எம்ஓஏ பிழை.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் வேகத்தைத் திருத்த வேண்டும். அதுவும் குண்டு இன்னும் மாக் 1.2-க்கு (ஒலிவேகத்தைப் போல 1.2 மடங்கு) மேல், அதாவது 15 டிகிரியில் சுமார் 408 மீ/வி-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும் கடைசித் தூரங்களில். 300 மீட்டரில் சுட்டு வேகத்தைத் திருத்துவது வீண். அங்கே வேகப்பிழையின் விளைவு குண்டுகள் விழும் கூட்டத்தின் அகலத்துக்குள் ஒளிந்துவிடும். திருத்திய வேகம் குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) சொன்னதிலிருந்து 10 மீ/வி-க்கு மேல் விலகினால் நிறுத்திவிட்டு ஜீரோ, தூரம், அழுத்தம் மூன்றையும் மறுபடி பாருங்கள். குழலில் கட்டும் குரோனோகிராஃப் என்றால், அது குண்டு விழும் இடத்தை மாற்றும் என்பதால், அதைக் கழற்றிவிட்டுத்தான் ஜீரோ. வெப்பநிலைக்கேற்ற வேக அட்டவணை உள்ள கருவி நல்லது. ஆனால் அங்கே எண்ணுவது வெடிமருந்தின் சூடு. சுட்டுச் சூடேறிய குழலில் இரண்டு நிமிடம் கிடந்த தோட்டாவுக்குக் காற்றின் வெப்பநிலை பொருந்தாது.

காற்றைப் பற்றிக் கருவி விற்பவர் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். சுழல்விசிறி அளப்பது நீங்கள் நிற்கும் இடத்துக் காற்றை மட்டுமே. 600 மீட்டரில் பள்ளத்தின் மேல் வீசுவது அதற்குத் தெரியாது. முக்காலியும் திசைத்துடுப்பும் வைத்தால் திசையைத் தானே எடுக்கும், பயனுள்ளதுதான். கெஸ்ட்ரலில் பேட்டரி மாற்றும்போதெல்லாம் திசைகாட்டியை மறுபடி சரிசெய்ய வேண்டும். மறந்தால் காற்று தப்பான திசையிலிருந்து வருவதாகச் சொல்லும். இதைச் செய்யும்போது ரைஃபிள், வண்டி, இரும்பு மேசை எதுவும் பக்கத்தில் வேண்டாம். பேட்டரி விஷயத்தில் லித்தியம் ஏஏ போடுங்கள். அல்கலைன் குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும், உள்ளேயே கிடந்தால் கசிந்து தொடர்பைத் தின்றுவிடும்.

வாங்கியதும் களத்துக்கு ஓடுமுன் ஒரு மாலை போதும். கருவியிலும் வேறு ஒரு இலவசச் செயலியிலும் ஒரே எண்களைப் போடுங்கள்: 15 டிகிரி, 1013.25 ஹெக்டாபாஸ்கல், அதே பிசி, அதே வேகம், அதே ஜீரோ, காற்று பூஜ்யம், கோரியோலிஸும் சுழல் விலகலும் அணைத்து. 300, 600, 1000 மீட்டர் ஏற்றங்களை எழுதிப் பாருங்கள். 0.1 மில்லுக்கு மேல் விலகினால் அநேகமாக ஏதோ ஒரு கட்டம் கெஜத்திலோ அங்குலத்திலோ நிற்கிறது. ஒத்துவந்த பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து, எது எவ்வளவு நகர்த்துகிறது என்று பாருங்கள். கடைசியாக 50 மீட்டருக்கு ஒரு வரியாக ஏற்ற அட்டவணையைக் காகிதத்தில் எழுதி, துப்பாக்கியின் கட்டையில் ஒட்டி வையுங்கள்.