டி.டி.ஏ. அலுமாரியின் திறப்பு

மருந்துக்கு அடிமைப்பட்ட தாதியை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டால், பிந்தி வருவா, தடுமாறுவா, வேலையில் பிழை விடுவா என்றுதான் எங்கட ஆக்கள் சொல்லுவினம். குடிக்கு அது பொருந்தும். ஊசிமருந்துக்குப் பெரும்பாலும் நேர்மாறு.

வாட்டில் இருந்து பெத்தடின், மோர்பின் போன்ற கடும் வலி ஊசிகளைத் தனக்கு எடுப்பவர் நேரத்துக்கு முன்னமே வந்து நிற்பார். மேலதிகக் கடமைக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுப்பார். லீவு நாளிலும் ஏதோ சாமான் மறந்துபோச்சு என்று எட்டிப் பார்ப்பார். "நீங்கள் சாப்பிடப் போங்கோ அக்கா, அந்தக் கட்டில் ஊசியை நான் போட்டுவிடுறன்" என்பார். நல்ல பிள்ளை என்று பெயரும் எடுப்பார். மருந்து இருக்கிற இடத்தை விட்டு அவரால் விலக ஏலாது, அவ்வளவுதான்.

அதனால் முகத்தை விட்டுவிட்டு டி.டி.ஏ. புத்தகத்தில் (இப்படியான மருந்துகளைப் பூட்டி வைக்கும் அலுமாரியின் கணக்குப் புத்தகம்) தொடங்குங்கள். புத்தகம், மருந்து அட்டை, பி.எச்.ரி. (நோயாளியின் கட்டில் குறிப்பேடு) மூன்றையும் ஒரு மாதத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "தேவைப்பட்டால்" என்று எழுதிய ஊசிகள் ஒரே ஆளின் இரவுக் கடமையில் குவிகிறதா? ஊசி போட்டதாகப் பதிவு இருக்க, நோயாளி விடியும்வரை முனகினாரா? பரசிற்றமோல் குளிசைக்கு மாறிவிட்டவருக்கு இன்னும் பெத்தடின் போகிறதா? உடைந்த அம்பியூல்கள் (ஊசிமருந்துக் கண்ணாடிக் குப்பிகள்) ஒரே கையெழுத்தில் வருகிறதா?

மிச்சம்தான் பெரிய ஓட்டை. 100 மில்லிகிராம் பெத்தடின் 2 மில்லிலீற்றர் அம்பியூலில் வருகிறது. 75 எழுதியிருந்தால் 1.5 மில்லிலீற்றர் நோயாளிக்கு. அரை மில்லிலீற்றர் மிச்சம். அது எங்கே போனது? சாட்சிக் கையெழுத்தைக் கடமை முடியும்போது மொத்தமாகப் போடும் வழக்கம் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. கொட்டுவதை மட்டும் பார்த்தாலும் காணாது. சேலைனும் (உப்புநீர்) பெத்தடினும் கண்ணுக்கு ஒன்றுதான். அம்பியூலை உடைக்கும் நேரத்திலிருந்தே சாட்சி பக்கத்தில் நிற்கவேணும்.

எடுத்த மருந்துக்குப் பதில் சேலைன் நிரப்பினால் நோயாளிக்கு வலி மட்டுமல்ல, தொற்றும் வரும். 2012இல் வெளியே வந்த சம்பவம் இது: அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், ஹெப்பரைற்றிஸ் சி (ஈரலைத் தாக்கும் வைரசு நோய்) இருந்த இதயப் பிரிவுத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் ஃபென்ரனில் என்ற வலி ஊசிகளைத் தனக்கு ஏற்றிவிட்டுச் சேலைன் நிரப்பித் திரும்ப வைத்ததில், அந்த ஆஸ்பத்திரியில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு ஹெப்பரைற்றிஸ் சி தொற்றியது.

உடம்பும் கொஞ்சம் சொல்லும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் முழுக்கைச் சுவெற்றர். மாதத்தில் நாலு தரம் "தடிமன்": மூக்கு ஒழுகல், கொட்டாவி, மயிர்க்கூச்செறிவு. அது மருந்து இறங்கும் நேரமாக இருக்கலாம். மோர்பினில் கண்மணி ஊசிமுனையாகும். பெத்தடினில் அப்படித் தெரியாமலும் போகும். பெத்தடின் உடலில் நோர்பெத்தடினாக மாறித் தேங்கினால் கை நடுங்கும், வலிப்பும் வரும்.

குளிசைக்காரர் சத்தமில்லாதவர்கள். முதுகு நோவுக்கு ரமடோல், இரவுக் கடமைக்குப் பிறகு தூங்க டயசிபாம். டயசிபாமை மாதக்கணக்கில் போட்டவரிடம் "இன்றோடு நிப்பாட்டு" என்று சொல்வது ஆபத்து, வலிப்பு வரும். வைத்தியர் அளவைப் படிப்படியாகக் குறைக்கவேணும்.

கடமையில் மயங்கிக் கிடந்தால் விசாரணை பிறகு. மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்குக் கீழே என்றால் ஒக்சிசன், மூச்சுக்கு உதவி, வைத்தியரின் கட்டளையோடு மோர்பின் வகையை முறிக்கும் நலொக்சோன் 0.4 மில்லிகிராம், போதாவிட்டால் 2, 3 நிமிடத்துக்கு ஒருக்கால் திரும்பவும். எடுத்த மருந்தின் வேலை முடிய முன்னமே நலொக்சோனின் வேலை முடிந்துவிடும், திரும்பவும் மயங்கலாம். எழும்பிவிட்டா என்று ஸ்கூட்டியில் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

நினைவோடு இருப்பவரிடம் இரண்டு பேர், மூடிய அறையில், தாள்களோடு கதையுங்கள். "நீ எடுக்கிறியா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். திகதி, கட்டில் இலக்கம், மில்லிகிராம் இவற்றை மட்டும் சொல்லுங்கள். அதன்பிறகு அவரைத் தனியே விடவே கூடாது. தற்கொலை அபாயம் மிகுந்த நேரம் அது. எந்த மருந்து எவ்வளவு என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கேற்றடியில் கணவரிடம் கையளித்துவிடுவது துணை ஆகாது. அன்றே மனநல வைத்தியர் பார்க்கவேணும்.

சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டியில் எதுவும் வரவில்லை என்று யாரையும் விடுவிக்காதீர்கள். சாதாரண ஓபியேற் (அபின் வகை) பரிசோதனை மோர்பினைப் பிடிக்கும். பெத்தடின், ஃபென்ரனில், ரமடோலைப் பெரும்பாலும் தவறவிடும். புத்தகத்தில் விடுபட்ட வரிகளைப் பிறகு நிரப்பவும் வேண்டாம். குறைந்த மருந்தை அன்றே எழுத்தில் மேலே அறிவிக்கவேணும்.

எனக்குக் கோபம் வருவது இடமாற்றத்தில்தான். மானம் போகாது, குடும்பம் பிழைக்கும் என்று பேசாமல் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவினம். அங்கே முதல் கிழமையே திறப்பு அவரின் கையில்.

உதவிக்கு 1926 இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம். 1927 தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை. யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு, ஆனால் கூடப் படித்தவர்களே அங்கு கடமையில் இருக்கக்கூடும். வேண்டுமென்றால் வெளிமாவட்டத்துக்கு அனுப்புங்கள்.

திரும்பி வரும்போது திறப்பு இல்லை, இரவுக் கடமை இல்லை, தனிக் கடமை இல்லை. இதை எழுத்தில், காலம் குறித்துக் கொடுங்கள். மோர்பின் வகையின் வேலையைத் தடுக்கும் நல்ரெக்சோன் குளிசை எழுதப்பட்டால் மோர்பின் வகை உடலில் இல்லாத 7 முதல் 10 நாளுக்குப் பிறகுதான் தொடங்கலாம். நாளுக்கு 50 மில்லிகிராம், ஒருவர் முன்னால் விழுங்கவேணும். வீட்டில் போட்டுவிட்டேன் என்று சொல்வது கணக்கில் வராது.