கோட்டுக்குக் கீழே

“அண்ணா, வெயினே கிடைக்கல. இதையே போட்டுக் கொடுத்திடுங்க.”

ஐசியூ சிஸ்டர் எங்கள் லேபுக்கு வந்து சொன்னது இவ்வளவுதான். நான் சொன்னது அதைவிடக் குறைவு: “சரி, வைங்க.”

ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ப்ளூ கேப் ட்யூபில், ரத்தம் உறையாமல் வைக்கும் சிட்ரேட் 0.3 மில்லிக்கு 2.7 மில்லி ரத்தம், கோடு வரை ஏற வேண்டும். அன்று வந்தது கோட்டுக்கு நன்றாகக் கீழே. ரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிஞ்சும். மிஞ்சிய சிட்ரேட், ரத்தத்தை உறைய வைக்க நாம் சோதனையில் சேர்க்கும் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். ரத்தம் உறைய உண்மையில் ஆவதைவிட அதிக நேரம் காட்டும். முதல் வருடம் படிக்கும் பிள்ளைக்கும் இது தெரியும்.

அந்த ரத்தத்துக்குரிய அம்மாவுக்கு இதயத்தில் மைட்ரல் வால்வு இருந்த இடத்தில் மெக்கானிக்கல் வால்வு வைத்து ஐந்தாவது நாள். வால்வில் ரத்தம் கட்டாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை கொடுப்பார்கள்; ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற எண் 2.5-க்கும் 3.5-க்கும் நடுவே வந்து நிற்கும்வரை, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தும் ஓட வேண்டும். என் மெஷின் 2.7 என்றது. ரிமார்க்ஸில் ‘சாம்பிள் அளவு குறைவு’ என்று போட்டேன். போன் செய்யவில்லை. எண்ணைப் பார்த்தார்கள், ஹெப்பாரினை நிறுத்தினார்கள்.

மறுநாள் காலை கோடு வரை நிரம்பிய ட்யூப் வந்தது. 1.6.

அப்போது போன் செய்தேன். ஹெப்பாரின் மறுபடி ஓடியது. இரண்டு நாள் கழித்து அவருக்கு வலது கை விழுந்தது, பேச்சு குழறியது. மூளைக்குப் போன ரத்தக்கட்டி எப்போது உருவானது என்று யாராலும் சொல்ல முடியாது, இதயத் துடிப்பும் ஒழுங்கில்லாமல் இருந்தது என்றார் டாக்டர். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதில்லை, அவருக்கு ட்யூப் விஷயமே தெரியாது.

என் பக்கமும் நியாயம் உண்டு. 2.7 உண்மையாகவே இருந்திருந்தாலும் அந்த ஒரு எண்ணை நம்பி ஹெப்பாரினை நிறுத்தியிருக்கக் கூடாது. அசிட்ரோம் தொடங்கியதும் ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் முதலில் குறைவது ஃபேக்டர் 7. அதன் அரை ஆயுள் ஆறு மணி நேரம்தான், அது குறைந்தாலே ஐஎன்ஆர் ஏறிவிடும். ரத்தக்கட்டிக்கு மூலமான இன்னொரு புரதம் புரோத்ராம்பின், பாதியாகக் குறையவே இரண்டரை, மூன்று நாள் ஆகும். எண் ஏறியிருக்கும், பாதுகாப்பு வந்திருக்காது. அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாள் இலக்கில் நின்ற பிறகு ஹெப்பாரினை நிறுத்துவது வழக்கம். அதைப் பார்க்க வேண்டியது வார்டு, லேப் இல்லை.

இதை எனக்குள் பல முறை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்த ரிமார்க்ஸில் வந்து நிற்கிறேன். ரிமார்க்ஸை யாரும் படிப்பதில்லை என்று தெரிந்தே எழுதினேன். அது அவருக்காக எழுதியதா, எனக்காக எழுதியதா?

திருப்பி அனுப்பியிருந்தால்? கைகள் இரண்டும் ஊசி பட்டு நீலமாகிக் கிடந்தன, இன்னொரு முறை குத்தியிருப்பார்கள். அந்தச் சிஸ்டர் அதை நினைத்துத்தான் கேட்டார், சோம்பலில் இல்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் ஸ்டோரில் 1.8 மில்லி ட்யூப் ஒரு பெட்டி இருந்தது. குறைந்த ரத்தம் போதும், கோடும் நிரம்பியிருக்கும். அது எனக்கு அன்று இரவு வீட்டில்தான் நினைவுக்கு வந்தது.

இப்போது கோட்டைத் தொடாத எதையும் வாங்குவதில்லை. இதனால் எத்தனை பேருக்கு ஹெப்பாரின் டோஸ் மாற்றத் தாமதமாகிறது என்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

அந்தம்மா மாதம் ஒருமுறை ஐஎன்ஆர் பார்க்க வருகிறார். பேச்சு தெளிந்துவிட்டது. இடது கையை நீட்டி, “எவ்வளவு தம்பி இருக்கு?” என்று கேட்பார். எண்ணைச் சொல்வேன்.