கை தூக்கி நிற்பது யார்?

பாத்திரத்தில் பெயர் வெட்டுவது என் தொழில். அதனாலோ என்னவோ, பயனியர் விண்கலத் தகட்டின் படத்தைப் பார்த்ததும் அதிலிருந்த கோடுகள்தான் முதலில் கண்ணில் பட்டன. தங்க நிறம் ஏற்றிய அலுமினியம், 9 அங்குலத்துக்கு 6 அங்குலம். வேற்றுக்கிரகவாசி யாராவது பார்க்கட்டும் என்று 1972-ல் பயனியர் 10-லும், அடுத்த ஆண்டு பயனியர் 11-லும் வைத்து அனுப்பினார்கள். வானியலாளர்கள் கார்ல் சேகனும் ஃபிராங்க் டிரேக்கும் வடிவமைக்க, லிண்டா சால்ஸ்மன் சேகன் படம் வரைந்தார். துணியில்லாமல் ஓர் ஆண், ஒரு பெண். ஆண் வலது கையைத் தூக்கியிருக்கிறான்.

முதலில் இருவரும் கைகோத்து நிற்பதாகத்தான் வரைந்தார்களாம். பார்க்கிறவர் ஒரே உயிர் என்று நினைத்துவிட்டால்? அதனால் பிரித்து நிறுத்தினார்கள். இவ்வளவு யோசித்தவர்கள், ஆணுக்கு எல்லாம் வரைந்துவிட்டுப் பெண்ணுக்கு ஒரு சின்னக் கோட்டை விட்டுவிட்டார்கள். என் மெஷினில் அது ஒரு நொடி வேலை.

சரி, பார்ப்பவர் கோமாளி மீன் மாதிரி ஓர் இனம் என்று வைத்துக்கொள்வோம். அந்த மீன் கூட்டத்தில் இருப்பதிலேயே பெரியதுதான் பெண். அடுத்த பெரியது அதன் ஆண் துணை. மற்றதெல்லாம் பொடிசுகள். பெண் செத்தால் அந்த ஆணே பெண்ணாக மாறிவிடும். பொடிசுகளில் பெரியது ஆணாகும். தகட்டில் பெண்தான் குள்ளம். ஆக, கை தூக்கி நிற்கும் உயரமான ஆளைத்தான் அவர்கள் குடும்பத் தலைவி என்பார்கள். பக்கத்தில் நிற்பது, பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் புருஷன்!

ஸ்கிசோஃபில்லம் என்று ஒரு காளான் உண்டு. நமக்கு ஆண், பெண் என்று இரண்டு இருப்பது மாதிரி, அதில் இணை சேரும் வகைகள் மட்டும் 23,000-க்கு மேல். அப்படிப்பட்ட இனத்தின் கையில் தகடு கிடைத்தால், மிச்சப் பேரை வரைய இடம் போதவில்லை போலிருக்கிறது என்று பரிதாபப்படும்.

எனக்கு அந்த மீன் கதைதான் மனசை விட்டுப் போகவில்லை. அம்மா போனதும் அப்பாவே அம்மாவாகும் ஓர் ஊர். அங்கேயும் கல்யாணம், சீர்வரிசை எல்லாம் இருந்தால்? இங்கே ஒரு குடத்துக்கு, பெண்ணின் பெயர் மட்டும் போதுமா, மாப்பிள்ளை பெயரும் வேண்டுமா என்று என் முன்னால் நின்றே சண்டை போடுகிறார்கள். அங்கே இன்றைக்கு மாப்பிள்ளையாக இருப்பவர் நாளைக்கு மனைவி. ஆனால் ஆள் அதே ஆள்தான், பழைய கடனும் அவர் பெயரில்தான் இருக்கும். பெயரை அழித்து வெட்டச் சொல்லி யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். நாம் ஆண், பெண் என்பதை ஆளோடு சேர்த்தே பார்த்துப் பழகியிருக்கிறோம். அவர்களுக்கு அது வயசு மாதிரி, வரும், போகும்.

அவர்கள் பதிலுக்கு ஒரு தகடு அனுப்பினால், அதில் ஒரே ஓர் உருவம் இருந்தால்கூட, அது ஆணா பெண்ணா என்றுதான் மறுநாள் டிவியில் விவாதம் நடக்கும்.